பிடி அரிசியும் மகமையும்

விருதுநகரில் க்ஷத்திரிய வித்யாசாலை 1880-களில் எழுந்த விதத்தைச் சமூக ஊழியத்தில் இறங்குவோர் முதற்பாடமாகக் கொள்ள வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். சர்க்கார் மானியத்துக்குக் காத்திராமல் ஊரார் தாமே அதை நடத்தினர். வியாபாரிகள் சரக்கு மூட்டைக்கு இவ்வளவென்று மகமை செலுத்தினர். பெண்கள் உலையில் அரிசியிடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனியே வைத்தனர். வீட்டுக்கு வீடு வாங்கிச் சேர்த்த அரிசி விற்றுப் பணமாயிற்று. உறவின்முறையார் கூடிக் கணக்குப் பார்த்தனர். 1956-இல் பள்ளிக் குழந்தைகளுக்கு மதிய உணவளிக்க முற்பட்ட காமராஜர், அந்தப் பள்ளியில் பயின்றவரே.

ஆனால் ஒன்றை மறைத்தலாகாது. மகமை ஒரு ஜாதியாரின் ஏற்பாடு. கோவில் வாசலில் தடுக்கப்பட்டு, 1899-இல் சிவகாசியில் தாக்குதலுக்கும் ஆளானவர்கள் தம்மைக் காத்துக்கொள்ள வலுப்படுத்திக்கொண்ட கட்டு அது. அதற்கு வெளியே நின்றவருக்கு அச்சபையில் குரலில்லை.

இன்று சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கங்களில் பட்டாசு செய்பவர்கள் பல ஜாதியினர், பல கிராமத்தவர். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சட்டம் இல்லாமலில்லை. ஓர் அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்பதற்கெல்லாம் விதியுண்டு. குழந்தைத் தொழில் குறித்து 1996-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பும் அளித்தது. எனினும், உள்குத்தகைக்காரர் ஓரறையில் அளவுக்கு மேல் ஆட்களை உட்கார்த்தும்போது அதைக் காண்பவர் இன்ஸ்பெக்டரா? அங்கே இருக்கும் தொழிலாளிப் பெண்ணல்லவா? அவள் வாய் திறக்கமாட்டாள். முன்பணம் வாங்கியிருக்கிறாள், கூலியோ துண்டுக் கணக்கு, அவள் தனியாள்.

ஆதலால், துண்டுப் பிரசுரத்துடன் வரும் ஊழியர்கள் முதலில் அவளது கடனைப் பற்றிக் கேட்கட்டும். தர்மபுரியில் 1989-இல் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று எங்கும் உள்ளன. ஆனால் தவணை வசூலிப்பதோடு கூட்டம் கலைந்துவிடுவதையே பல இடங்களில் காண்கிறோம். முன்பணக் கடனைத் தீர்ப்பதையும், அறையில் கண்ட குறையைப் பெயர் குறிப்பிடாமல் பத்துப் பேராகச் சேர்ந்து எழுதுவதையும் அக்கூட்டத்தின் வேலையாக்க முடியாதா?

சிவகாசி முதலாளிகளில் பலருக்கு மகமை பரம்பரை வழக்கம். பட்டாசுப் பெட்டிக்குச் சில காசென ஒதுக்கி, விபத்துக் குடும்பங்களுக்கு உதவும் நிதியொன்றை அவர்கள் அமைக்கலாம். அதன் கணக்குப் புத்தகம் மட்டும் தொழிலாளிப் பெண்கள் கையில் இருக்கட்டும்.