வெஸ் மாண்ட்கோமரியின் கட்டைவிரல்

ஜாஸ் கிட்டார் கலைஞர்கள் பெரும்பாலும் பிக் எனப்படும் சிறு மீட்டுதகடு கொண்டுதான் வாசிப்பார்கள். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் பிறந்த வெஸ் மாண்ட்கோமரி கட்டைவிரலின் சதையால் மீட்டினார். இரவில் வீட்டில் பயிற்சி செய்யும்போது அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று பிக்கைக் கீழே வைத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். இதை ஒரு விநோதச் செய்தியாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவர் இசையின் கட்டுமானமே அந்த விரலிலிருந்துதான் பிறந்தது என்பேன். பிக் மேலும் கீழும் பறக்கும். கட்டைவிரலோ பெரும்பாலும் கீழ்நோக்கியே இறங்கும். வேகத்தைக் காட்டிக் கைதட்டல் வாங்கும் வழி அங்கே குறுகிவிடுகிறது. ஆகவே சிறுகச் சிறுக அடுக்கி எழுப்ப வேண்டியிருந்தது. முதலில் ஒற்றை ஸ்வர வரிகள், பிறகு ஆக்டேவ், கடைசியில் பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும் முழுக் கார்டுகள். 1960இல் வந்த ‘வெஸ்ட் கோஸ்ட் ப்ளூஸ்’ பதிவில் இந்த ஏற்றம் அப்பட்டமாகக் கேட்கிறது.

ஆக்டேவ் என்பது ஒரே ஸ்வரத்தைக் கீழ் ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் சேர்த்து ஒலிப்பது. ஆறாம் தந்தியை ஆள்காட்டி விரலும், இரண்டு கட்டம் தள்ளி நான்காம் தந்தியை இன்னொரு விரலும் அழுத்துகின்றன. நடுவிலுள்ள ஐந்தாம் தந்தியை ஆள்காட்டி விரலின் நுனியே லேசாகத் தொட்டு ஊமையாக்குகிறது. கட்டைவிரல் மூன்றையும் ஒரே வீச்சில் வருட, இரண்டு மட்டும் பேசுகின்றன. கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் இதை முன்பே வாசித்தாரே, இதிலென்ன புதுமை என்று கேட்கலாம். ஜாங்கோவிடம் அது வந்து போகும் அலங்காரம். வெஸ் அதிலேயே சிந்தித்தார். சுற்றுச் சுற்றாகப் புதுக் கற்பனைகளை அதிலேயே கோத்தார். இவ்வளவுக்கும் அவருக்கு இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டே கற்றவர். பகலில் தொழிற்சாலை, இரவில் கிளப் என்று வாழ்ந்தவரை ரிவர்சைட் இசைத்தட்டு நிறுவனம் 1959இல் ஒப்பந்தம் செய்தபோது அவருக்கு வயது 36.

கடைசிக்காலத்தில் அவர் பாப் பாடல்களை வயலின் கூட்டத்துக்கு நடுவே மென்மையாக வாசித்துக் காசு பார்த்தார் என்ற குறையில் உண்மை உண்டு. 1967இன் ‘எ டே இன் த லைஃப்’ தட்டில் அந்த ஏற்றம் இல்லை, மெட்டு மட்டுமே இருக்கிறது. அது எனக்கும் ஏமாற்றம்தான். ஆனால் 1965இல் பியானோ கலைஞர் விண்டன் கெல்லியின் மூவர் குழுவுடன் பதிவான ‘ஸ்மோக்கின் அட் த ஹாஃப் நோட்’ தட்டில் ‘நோ ப்ளூஸ்’ கேட்பவர் எவரும் கற்பனை வற்றிவிட்டது என்று சொல்ல மாட்டார். பின்வந்த கலைஞரான பாட் மெத்தினி கிட்டார் கற்றதே அந்தத் தட்டை வைத்துத்தான். இன்னொரு கிட்டார் கலைஞரான ஜார்ஜ் பென்சன் ஆக்டேவின் நடுவே மூன்றாவது ஸ்வரத்தைச் சேர்த்துத் தனக்கென ஓர் ஒலியை உண்டாக்கிக்கொண்டார். வெஸ்ஸின் ஒலியைப் பலரும் நகலெடுத்தார்கள், அடுக்கி எழுப்பும் பொறுமை சிலருக்கே வாய்த்தது. வெஸ் 1968 ஜூன் 15 அன்று 45 வயதில் மாரடைப்பால் இறந்தார். புதிதாகக் கேட்கப்போகிறவர்கள் பாப் தட்டுகளில் தொடங்க வேண்டாம். ‘வெஸ்ட் கோஸ்ட் ப்ளூஸி’ல் தொடங்குங்கள்.