படர்தாமரைக்குப் பூசிய மருந்தே பகையானது! வியாசர்பாடி ஆட்டோ டிரைவர் குடும்பத்தின் 14 மாத அவதி

சென்னை நகர நிருபர்

"ராத்திரி தூக்கமே கிடையாது சார். சவாரி ஏத்திக்கிட்டு சிக்னல்ல நிக்கும்போதுகூட கை சும்மா இருக்காது. பின்னாடி உக்காந்த பொம்பளைங்க பாத்துட்டு, பாதி வழியிலேயே இறங்கிப் போயிருக்காங்க."

இப்படிச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து கொண்டார் அந்த ஆட்டோ டிரைவர். வயது 34. வடசென்னை வியாசர்பாடியில் அம்மா, மனைவி, 2 குழந்தைகளுடன் ஒரே அறை உள்ள வீட்டில் குடியிருக்கிறார்.

போலீஸ் நிலையத்தில் வழக்கு எதுவும் இல்லை. ஆனால் அந்தக் குடும்பத்தின் நிம்மதியை 14 மாதம் கொள்ளையடித்த ஆசாமி ஒருவன் உண்டு. அவன் பெயர் படர்தாமரை. அவனுக்கு உடந்தையாக இருந்தது, மருந்துக் கடையில் வாங்கிய ஒரு சின்ன டியூப்!

ஒரு ரூபாய் அளவு வட்டம்

சித்திரை வெயில் நேரம். நாள் பூராவும் சீட்டில் உட்கார்ந்து வேலை. இறுக்கமான ஜீன்ஸ். உள்ளே வியர்வை. டிரைவரின் தொடை இடுக்கில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பாக ஒரு வட்டம் வந்தது. ஓரத்தில் பொரிப்பொரியாக இருந்தது. அரிப்பு தாங்கவில்லை.

தெருமுனை மெடிக்கலுக்குப் போனார். "அரிப்புக்கு ஏதாவது குடுங்க" என்றார். எங்கே, எத்தனை நாளாக என்று யாரும் கேட்கவில்லை. ஒரு டியூப் கைக்கு வந்தது.

பூசினார். இரண்டே நாளில் அரிப்பு மாயம்! "கை கண்ட மருந்து" என்று நினைத்து ஐந்தாம் நாள் நிறுத்திவிட்டார்.

பத்தாம் நாள் அது திரும்பி வந்தது. இந்தத் தடவை ஒரு ரூபாய் அளவு இல்லை, உள்ளங்கை அளவு. மறுபடியும் அதே கடை, அதே டியூப். இப்படியே 11 டியூப் காலியானது. தொடையில் ஆரம்பித்தது இடுப்பைச் சுற்றி வளைத்து முதுகுக்கு ஏறியது.

"எங்கே போய் வாங்கிட்டு வந்தே?"

அதற்குள் மனைவிக்கு அக்குளிலும் இடுப்பிலும் வட்டம் வந்துவிட்டது. பிறகு 4 வயதுப் பெண் குழந்தைக்குக் கன்னத்தில் வந்தது. "சரியான பிறகு கூட்டிட்டு வாங்கம்மா" என்று சொல்லி, குழந்தையை பால்வாடியில் இருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் சண்டை மூண்டது. வந்த இடமோ சொல்லக் கூசும் இடம். "எங்கே போய் வாங்கிட்டு வந்தே? எவகிட்ட போனே?" என்று மனைவி கேட்டிருக்கிறார். ஒரு நாள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு திருவொற்றியூரில் உள்ள தாய் வீட்டுக்குப் போய்விட்டார்.

அங்கே ஒரே துண்டைப் பயன்படுத்திய தங்கைக்கும் ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "என் தங்கச்சி என்ன தப்பு பண்ணா? அப்போ இது வேற ஏதோன்னு தோணுச்சு" என்றார்.

கணவனும் மனைவியும் சேர்ந்து அரசு ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்குப் போனார்கள். காலி டியூப்களை ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டு போயிருந்தார்கள்.

டியூபுக்குள் இருந்த ரகசியம்

அங்கிருந்த பெண் டாக்டர் டியூபில் உள்ள பொடி எழுத்தைப் படித்துக் காட்டினார். பூஞ்சையைக் கொல்லும் மருந்து ஒன்று. பாக்டீரியா கிருமிக்கு ஒன்று. கூடவே "குளோபெட்டாசால்" என்று ஒரு பெயர்.

இந்தக் குளோபெட்டாசால்தான் வில்லன். இது வீரியம் மிகுந்த ஸ்டீராய்டு. பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட அந்த டாக்டர் நம்மிடம் கூறியதாவது:-

"படர்தாமரை புழு இல்லை, பூச்சி இல்லை. அது பூஞ்சைக் காளான். தோலின் மேல்பகுதி, நகம், முடி இதிலெல்லாம் இருக்கிற கெரட்டின்தான் அதுக்குத் தீனி. அது வந்ததும் உடம்பு எதிர்த்து நிக்குது. அந்தச் சண்டைதான் சிவப்பும் அரிப்பும். ஸ்டீராய்டு பூசினா அந்தச் சண்டை அடங்கிடும். அரிப்பு நிக்கும். ஆனா பூஞ்சை சாகாது. கேக்க ஆளில்லாம பரவும். திருடன் வரும்போது குரைக்கிற நாய்க்கு மயக்க மருந்து போட்ட கதைதான்.

"தொடர்ந்து பூசினா தோல் மெலிஞ்சு போகும். தொடையில, அக்குள்ல கோடு கோடா விரிஞ்சிடும். அந்தக் கோடு மறையறது கஷ்டம். வட்டத்தோட அடையாளமே மாறிப்போறதால, பழக்கப்பட்ட டாக்டர்கூட சில நேரம் ஏமாந்துபோவார்."

இவ்வாறு டாக்டர் கூறினார்.

கண்ணாடித் துண்டில் சிக்கிய குற்றவாளி

கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது என்று டிரைவருக்கு ஒரு சோதனை செய்தார்கள். செலவு குறைந்த, பழைய சோதனைதான்.

வட்டத்தின் ஓரத்தில்தான் பூஞ்சை மும்முரமாக இருக்கும். அங்கே மழுங்கிய கத்தியால் லேசாகச் சுரண்டி, உதிரும் செதிலைக் கண்ணாடித் துண்டில் எடுக்கிறார்கள். ரத்தம் வராது. அதன் மேல் 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டு விடுகிறார்கள். தோல் செதில் கரைந்து தெளிவாகும். பூஞ்சை கரையாது. சிறிது நேரம் கழித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், கிளை விட்ட நூல்போலப் பூஞ்சை இழை அகப்பட்டுக்கொள்ளும்.

நகமாக இருந்தால் கரைசலின் வீரியத்தைக் கூட்டி, அதிக நேரம் ஊற வைக்க வேண்டும். எந்த வகைப் பூஞ்சை என்று தெரிய வேண்டுமானால், "சாபுரோ" என்ற ஊட்டப்பொருளில் வளர்த்துப் பார்ப்பார்கள். அதற்கு 4 வாரம்கூட ஆகும்.

ஒரு முக்கியமான விஷயம். சோதனைக்குப் போகும் முன் மருந்தைப் பூசிக்கொண்டு போனால், பூஞ்சை இருந்தும் இல்லை என்று முடிவு வந்துவிடலாம். என்ன பூசினோம், எத்தனை நாள் பூசினோம் என்பதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது.

டிரைவரின் செதிலில் பூஞ்சை இழை தெளிவாகத் தெரிந்தது. மனைவி மெதுவாகக் கேட்டாராம், "பொம்பள சகவாசத்தால வர்றதா டாக்டரம்மா?" என்று.

"ஒரே துண்டு, ஒரே பாய், ஒண்ணா ஊறப்போட்ட துணி, இது போதும்மா. குழந்தை கன்னத்துல வந்திருக்கே, அதுக்கு என்ன சொல்லுவே? தோலோட தோல் பட்டா ஒட்டும். அதை வச்சு யாரையும் சந்தேகப்படாதே" என்று டாக்டர் சொல்ல, அந்த அம்மா அங்கேயே அழுதுவிட்டார்.

கேட்டதும் கொடுத்தார்கள்!

டியூப் எப்படிக் கிடைக்கிறது என்று தெரிந்துகொள்ள, நானே வடசென்னையில் சில மருந்துக் கடைகளில் ஏறி இறங்கினேன். "படர்தாமரைக்கு மருந்து" என்று மட்டும் கேட்டேன். சீட்டு காட்டவில்லை. முதல் கடையிலேயே ஸ்டீராய்டு கலந்த டியூப் கிடைத்தது. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தது. டாக்டர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் இருந்தது. கொடுத்தவர் அதைப் பார்க்கவே இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2018-ம் ஆண்டு மார்ச் மாதம் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை, டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற "எச்" அட்டவணையில் சேர்த்தது. அதே ஆண்டு செப்டம்பரில், சேர்க்கக் கூடாத மருந்துகளைச் சேர்த்த 328 கலவை மருந்துகளுக்குத் தடை போட்டது. அதில் தோலுக்குப் பூசும் கலவைகளும் உண்டு.

ஒரே ஒரு கடையில் வயதான மருந்தாளுநர் கையை விரித்துவிட்டார். "சீட்டு இல்லாம தரமாட்டேன் தம்பி. ஆனா நான் இல்லேன்னா அடுத்த கடைக்குப் போயிடறாங்க. எனக்கு வியாபாரம் போச்சு, அவனுக்குத் தோல் போச்சு" என்றார்.

அமெரிக்கா வரை போன பூஞ்சை

முன்பெல்லாம் 2 வாரம் மருந்து பூசினால் படர்தாமரை ஓடிவிடும். இப்போது மாதக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. பூஞ்சையின் ஜாதியே மாறிவிட்டதுதான் காரணம்.

இந்தியாவில் கடந்த சில ஆண்டுகளில் பரவியிருக்கும் புது வகைக்கு 2020-ல் "டிரைக்கோபைட்டான் இண்டோடினியே" என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரிலேயே இந்தியா இருக்கிறது! படர்தாமரைக்கு முதல் மருந்தாகத் தரப்படும் டெர்பினாபைனுக்கு இது பல நேரங்களில் கட்டுப்படுவதில்லை. மருந்து தாக்கும் இடத்திலேயே பூஞ்சை தன் மரபணுவை மாற்றிக்கொண்டுவிட்டது. இது பரவியதில் ஸ்டீராய்டு டியூப்களுக்கும் பெரிய பங்கு உண்டு என்று தோல் டாக்டர்கள் கருதுகிறார்கள்.

2023-ல் நியூயார்க் நகரில் 2 பெண்களுக்கு இது இருப்பது தெரிந்தது. ஒருவர் வங்காளதேசம் போய் வந்தவர். இன்னொருவர் வெளிநாடு எங்கும் போகாத 28 வயது கர்ப்பிணி. அமெரிக்காவில் பதிவான முதல் இரண்டு கேஸ் இவைதான்.

குணமாக என்ன வழி?

டாக்டர் சொன்ன வழிமுறைகள் வருமாறு:-

பூசும் மருந்தை வட்டத்தின் மேல் மட்டும் பூசினால் போதாது. ஓரத்தைத் தாண்டி 2 சென்டிமீட்டர் வரை பூச வேண்டும். எத்தனை வேளை என்பது மருந்துக்கு மருந்து மாறும். பார்வைக்கு மறைந்த பிறகும் குறைந்தது 2 வாரம் விடாமல் பூச வேண்டும். அரிப்பு நின்றதும் நிறுத்துவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு.

உடம்பில் பல இடங்களில் பரவியிருந்தால் மாத்திரை தேவைப்படும். இட்ராகோனசோல் காப்ஸ்யூலைச் சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்க வேண்டும். அசிடிட்டி மருந்தோடு சேர்த்து விழுங்கினால் வேலை செய்யாது. கர்ப்பிணிகள், ஈரல் அல்லது இருதயக் கோளாறு உள்ளவர்கள், வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் யாருக்கெல்லாம் இருக்கிறதோ அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வைத்தியம் பார்க்க வேண்டும். ஒருவரை விட்டாலும் அவரிடமிருந்து மற்றவர்களுக்குத் திரும்பும். துண்டு, உள்ளாடை, படுக்கை விரிப்பு தனித்தனியாக வேண்டும். வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போட்டு, முடிந்தால் இஸ்திரி போடலாம். குளித்ததும் இடுக்குகளை ஈரம் போகத் துடைக்க வேண்டும். அடிக்கடி வந்தால் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை: எல்லா வட்டமும் படர்தாமரை அல்ல! எக்சிமாவும் சொரியாசிஸும் வட்டமாக வரும். முதுகில் வெளிறிப் படரும் தேமல் இன்னொரு வகைப் பூஞ்சை. அரிப்பே இல்லாமல், தொட்டால் உணர்ச்சி தெரியாமல் ஒரு தேமல் இருந்தால், அது தொழுநோயாக இருக்கலாம். அதற்கு அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக மருந்து கிடைக்கிறது. டியூப் பூசிக்கொண்டே காலத்தைக் கடத்தினால் நரம்பு கெட்டு, கைகால் ஊனமாகிவிடும்.

2021-ஐ மறக்கலாமா?

பூஞ்சை என்றதும் 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது மிரட்டிய கருப்பு பூஞ்சை ஞாபகம் வரும். அந்த ஆண்டு மே மாதம், அதை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழக அரசு அறிவித்தது. அது வேறு இனம். ஆளுக்கு ஆள் ஒட்டாது. மூக்கு வழியாக நுழைந்து கண்ணையும் மூளையையும் தாக்கும். ஆம்போடெரிசின் மருந்தோடு, பல பேருக்கு ஆபரேஷனும் தேவைப்பட்டது. அப்போதும் உடந்தையாக இருந்தது கட்டுப்படாத சர்க்கரையும், அளவு மீறிய ஸ்டீராய்டும்தான்!

அரைஞாண் கயிற்றால் ஒரு தகராறு

டிரைவர் வீட்டில் கடைசியாக ஒரு சிக்கல் வந்தது. இடுப்பில் ஈரத்தோடு கிடக்கும் அரைஞாண் கயிற்றிலும் பூஞ்சை தங்கும், அவிழ்த்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "ஆம்பளப் புள்ள இடுப்புல கயிறு இல்லாம இருக்கக் கூடாது" என்று டிரைவரின் அம்மா ஒரே பிடிவாதம். "அத்தே, பழைய கயித்த எரிச்சிடலாம். முழுசா குணமானதும் வெள்ளிக்கொடி போட்டுக்கட்டும்" என்று மருமகள் சமாதானம் செய்தாராம்.

வீட்டில் எல்லோரும் ஒன்றாக மருந்து சாப்பிட்டு, பூசி, 10 வாரம் ஆனது. திருவொற்றியூர் தங்கையும் அதே நாளில் வைத்தியம் ஆரம்பித்தார். குழந்தை மறுபடி பால்வாடிக்குப் போகிறாள். டிரைவர் இப்போது லூசான பருத்தி பேண்ட் போட்டு வண்டி ஓட்டுகிறார்.

தொடையில் விழுந்த கோடுகள் மட்டும் போகவில்லை. இனி போகாது என்று அவருக்கும் தெரியும்.

"ஸ்டாண்டுல எங்களை மாதிரி நாலஞ்சு பேருக்கு இருக்கு சார். வெக்கப்பட்டு யாரும் வெளிய சொல்றதில்ல. நான்தான் இப்ப ஒவ்வொருத்தனையா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். 11 டியூப் வாங்கின காசும் போச்சு, கட்டினவகிட்ட கெட்ட பேரும் வாங்கினேன். மொத நாளே ஒரு ஓ.பி. சீட்டு போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்" என்றார்.

அந்தச் சீட்டுக்கு அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது.