பிரேக் பிடிக்காத வேனும் வீணாகும் பணமும்

சில வருடங்களுக்கு முன்னர் மிளகு மூடைகளை ஏற்றிக்கொண்டு கண்டியிலிருந்து கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தோம். கடுகண்ணாவை இறக்கத்தில் பிரேக்கை மிதித்த சாரதித் தம்பி, "நானா, பெடல் கல்லு மாதிரி நிக்குது" என்றான். கியரைக் குறைத்து, கைப்பிரேக்கையும் இழுத்து ஒருவாறு ஓரத்தில் நிறுத்தினோம். அல்லாஹ் காப்பாற்றினான்.

அதன் பிறகு நடந்ததுதான் வியாபாரிகளுக்குப் பாடம். முதல் கராஜில் முன் பேட்களை மாற்றினார்கள். சரிவரவில்லை. அடுத்த கராஜில் மாஸ்டர் சிலிண்டரை மாற்றினார்கள். அதுவும் சரிவரவில்லை. மூன்றாவதாகப் பார்த்த வயதான மெக்கானிக் எதையும் கழற்றவில்லை. "மிதிக்கும்போது பெடல் எப்படி இருந்தது?" என்றுதான் முதலில் கேட்டார். பூஸ்டருக்குப் போகும் வெக்கியூம் ஹோஸ் வெடித்திருந்தது. ஒரு துண்டு ஹோஸோடு வேலை முடிந்தது. முன்னர் கொடுத்த பணமெல்லாம் வீண்.

2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டாலும், புதிய வேன் வாங்கும் வசதி நம்மில் பலருக்கு இல்லை. பழைய டொல்பின் வேன்களே இன்னும் நமது சரக்கைச் சுமக்கின்றன. ஆகவே, கராஜுக்குப் போகுமுன் முதலாளியும் சாரதியும் நான்கு விடயங்களை அறிந்திருப்பது நல்லது.

முதலாவது, பெடல் கல்லாக இருப்பது. இன்ஜினை நிறுத்திவிட்டு நான்கைந்து தடவை மிதியுங்கள். பெடல் இறுகியதும் காலை எடுக்காமல் ஸ்டார்ட் பண்ணுங்கள். பெடல் சற்றுக் கீழிறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் பூஸ்டர், ஹோஸ், வெக்கியூம் பம்ப் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய டீசல் வேன்கள் பலவற்றில் இந்தப் பம்ப் அல்டர்னேட்டருடன் சேர்ந்திருக்கும்.

இரண்டாவது, பெடல் பஞ்சு போல அமுங்குவது. அநேகமாக லைனில் காற்று இருக்கும். இரண்டு மூன்று தடவை மிதித்த பின்னரே மேலே வருமானால், பின் டிரம்மில் லைனர் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கலாம்.

மூன்றாவது, காலை அழுத்தி வைத்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்லக் கீழே போவது. பிரேக் ஒயில் குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. டயர்களின் உட்பக்கம் ஈரமா என்று பாருங்கள். ஒயில் குறையாமலே பெடல் இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் போயிருக்கலாம். எதுவானாலும் அந்த வேனை ஓட்டக் கூடாது.

நான்காவது, மிதிக்கும்போது ஒரு பக்கம் இழுப்பது. வலப்பக்கம் இழுத்தால் பழுது வலப்பக்கத்தில் என்று முடிவு கட்ட வேண்டாம். இடப்பக்க பிரேக் பிடிக்காமலும் இருக்கலாம். சிறிது தூரம் ஓடி நிறுத்தி, சக்கரங்களுக்கு அருகே கையை வைத்துப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் சூடு அதிகமென்றால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பிரேக் ஒயிலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 140 பாகை வரை இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் சூடேறி அது கொதித்தால் பெடல் வெறுமையாகப் போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இறக்கத்தில் சிறிய கியரிலேயே போகச் சொல்லுங்கள். அவசரத்துக்கு இன்ஜின் ஒயிலை ஊற்றவே வேண்டாம். ரப்பர்கள் அனைத்தும் ஊதிக் கெட்டுவிடும்.

மெக்கானிக்கிடம் போய் "பிரேக் சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். பெடல் என்ன செய்தது, சுமையோடா வெறுமையாகவா, ஏற்றத்திலா இறக்கத்திலா என்று சொல்லுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மாற்றிய திகதியைக் கணக்குக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

சரக்கு நட்டப்பட்டால் அடுத்த பருவத்தில் உழைக்கலாம். ஸ்டியரிங்கில் இருப்பவன் யாரோ ஒரு தாயின் பிள்ளை. அவன் "பிரேக் ஒரு மாதிரி இருக்குது" என்று சொன்னால், அன்றைய ஓட்டத்தை நிறுத்துவதே இலாபம்.