சீட்டில் ஒன்று, கையில் ஒன்று

நோயுற்றால் கைராசியுள்ள மருத்துவர் யாரெனப் பலரிடம் விசாரித்துச் செல்கிறோம். ஆனால் அவர் எழுதித் தந்த சீட்டை மருந்துக் கடையில் நீட்டிய பின், கொடுத்ததை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிவிடுகிறோம். சீட்டில் எழுதிய மருந்துதானா கைக்கு வந்தது என்று பார்ப்போர் மிகச் சிலரே.

தவறு நேரிடப் பல வழிகள் உண்டு. முதலாவது, பெயர் மயக்கம். 'ஃபால்சிகோ', 'ஃபால்சிடாப்' ஆகிய இரண்டும் கடும் மலேரியாவுக்கான மருந்துகள். முன்னதில் இருந்தது ஆர்ட்டிசுனேட். பின்னதில் இருந்தது மெஃப்ளோகுயின். 'காடிலா' என்ற பெயரைப் பொதுவாகக் கொண்ட இரு நிறுவனங்கள் இப்பெயர்களுக்காக வழக்காடின. 2001 மார்ச் 26 அன்று உச்ச நீதிமன்றம், பிற சரக்குகளைவிட மருந்துப் பெயர்களுக்குக் கடுமையான அளவுகோல் வேண்டும் என்றது. பயிற்சி பெற்ற மருத்துவரும் மருந்தாளுநரும்கூடத் தவறக்கூடும் என்பதையும் அது சுட்டிக்காட்டியது.

இரண்டாவது, வேளைக் குழப்பம். மூட்டுவாதத்திற்குத் தரப்படும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரம் ஒருமுறை மட்டுமே உட்கொள்ள வேண்டியது. உறையில் 'தினம் ஒன்று' எனத் தவறாக எழுதப்பட்டால், வாய்ப்புண் தோன்றி, இரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்து நேரலாம்.

மூன்றாவது, மாற்று மருந்து. மேட்டுப்பாளையம், பொள்ளாச்சி, தாராபுரம் போன்ற ஊர்களிலிருந்து கோவைக்கு வந்து மருத்துவரைப் பார்த்துவிட்டு, மாதாமாதம் உள்ளூரில் மருந்து வாங்கும் குடும்பங்கள் பல. சீட்டிலுள்ள மருந்து அங்கே இல்லாதபோது, "இதுவும் அதேதான்" என்று வேறொன்று தரப்படுவதுண்டு. சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டிய 'எச்' அட்டவணை மருந்துகளுக்குப் பதிலாக வேறொன்றைத் தருவதை 1945ஆம் ஆண்டு மருந்து விதிகள் தடை செய்கின்றன. சீட்டைப் பார்த்து மருந்து வழங்கும் பொறுப்பைப் பதிவுபெற்ற மருந்தாளுநருக்கே 1948ஆம் ஆண்டு பார்மசி சட்டம் அளிக்கிறது.

இக்கண்காணிப்பு நேற்றுத் தோன்றியதன்று. 12ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த அஷ்ஷைஸரி, அங்காடிகளை மேற்பார்க்கும் முஹ்தஸிபுக்காக எழுதிய கையேட்டில் மருந்து விற்போருக்கெனத் தனிப்பகுதி ஒதுக்கியிருக்கிறார். எனினும் எந்த அதிகாரியும் ஒவ்வொரு கடையிலும் எந்நேரமும் நிற்க இயலாது.

ஆகவே நாமே விழிப்புடன் இருப்போம். மருத்துவரிடமே மருந்தின் பெயரையும், எதற்காக என்பதையும், எத்தனை வேளை என்பதையும் கேட்டறியுங்கள். கடையில் அவற்றை மருந்தாளுநரிடம் மீண்டும் கேளுங்கள். பெயரையும் மில்லிகிராம் அளவையும் சீட்டோடு ஒப்பிடுங்கள். அட்டையை வெட்டி வாங்கினால், பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பகுதி நம்மிடம் இருக்கட்டும். வழக்கமான மாத்திரையின் நிறமோ வடிவமோ மாறியிருந்தால், விசாரிக்காமல் விழுங்காதீர்கள். ஆங்கிலம் வாசிக்க இயலாத பெரியோர் உள்ள வீட்டில், ஒவ்வோர் உறையின் மீதும் தமிழில் எழுதிவைப்பது பிள்ளைகளின் கடமை.

தவறான மருந்தை உட்கொண்டுவிட்டதாக ஐயம் எழுந்தால் உடனே மருத்துவரை நாடுங்கள். அட்டையையும் ரசீதையும் எறிந்துவிடாதீர்கள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடமோ நுகர்வோர் ஆணையத்திடமோ முறையிட அவையே சான்று.

கேள்வி கேட்டால் கடைக்காரர் முகம் சுளிப்பாரோ என்று தயங்க வேண்டாம். உடல்நலம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைக் காக்க ஒரு நிமிடம் கூடுதலாக நிற்பதில் குறைவேதுமில்லை.