விற்குமுன் அறியவேண்டிய எஞ்சின் உறுப்புகள்

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. நம்மவர் வீட்டுக் கொட்டகைகளில் ஓடாத அம்பாசடர் கார் ஒன்றை இன்றும் காண்பதுண்டு. 1957 முதல் 2014 வரை உற்பத்தியான வண்டி அது. அதன் எஞ்சினைத் தனியே விற்க நாம் முற்படும்போது, வாங்க வருபவர் "எல்லாம் பழைய இரும்பு" என்று எடைக்கு விலை பேசுவார். உறுப்புகளின் பெயரும் நிலையும் அறியாவிடில் நாம் என்ன மறுமொழி கூற இயலும்?

இவ்வண்டியில் நெடுங்காலம் பொருத்தப்பட்டிருந்தது 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். வார்ப்பிரும்பாலான பெரிய உடற்பகுதியே சிலிண்டர் பிளாக். அதன்மேல் மூடிபோல் அமர்ந்திருப்பது ஹெட்; வால்வுகளும் ராக்கர்களும் அதில் உள்ளன. பிளாக்கினுள் நான்கு பிஸ்டன்கள் ஏறி இறங்குகின்றன. கனெக்டிங் ராடுகள் அவ்வசைவைக் கீழேயுள்ள கிராங்க் ஷாப்டுக்குக் கொடுக்க, அது சுழல்கிறது. பிளாக்கின் பக்கவாட்டிலுள்ள கேம் ஷாப்ட், புஷ் ராடுகளின் வழியே வால்வுகளைத் திறக்கிறது.

பெயர் தெரிந்தபின் நிலையை நோக்குவோம். பிஸ்டனின் தலையில் 020 என்ற எண் பொறித்திருந்தால், சிலிண்டர் முன்பே கடையப்பட்டு, அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு, அதாவது சுமார் அரை மில்லிமீட்டர், பெரிதாக்கப்பட்டது என்று பொருள். சிலிண்டரின் மேல் விளிம்பருகே நகத்தால் தடவும்போது படிபோல் தட்டுப்பட்டால், அதற்குக் கீழே சுவர் தேய்ந்துள்ளது. கிராங்க் ஷாப்டின் பேரிங் அமரும் இடங்கள் வழுவழுப்பாக இருப்பின் அது நல்ல சரக்கு. கீறலில் நகம் சிக்கினால் கடையவேண்டியிருக்கும். ராடுகளையும் அவற்றின் மூடிகளையும் இனம் மாற்றாமல் வரிசைப்படி கட்டி வைப்பது அவசியம். ஒன்றின் மூடி மற்றொன்றுக்குச் சரியாக அமையாது.

இடவப்பாதி மழையின் ஈரத்தையும் மறத்தலாகாது. எண்ணெய் பூசாமல் திறந்து வைத்த சிலிண்டரில் துரு ஏறிப் பிஸ்டன் இறுகிவிடும். நேற்றுவரை உறுப்பாக விலைபோனது அன்றே இரும்பாகிவிடும்.

விலையைவிட முக்கியமானது ஒன்றுண்டு. எஞ்சின் எண் பதிவுச் சான்றிதழில் நம் பெயரோடு இணைந்தது. விற்ற எஞ்சின் தவறான வழியில் பயன்பட்டால் முதல் விசாரணை நம் வாயிலுக்கே வரும். ஆகவே அந்த எண்ணையும் தேதியையும் குறித்து, வாங்குவோரிடம் கையொப்பம் பெறவேண்டும். காரில் வேறு எஞ்சின் பொருத்தினால் பதிவு அலுவலகத்தின் ஒப்புதலை நாடவேண்டும். முன்னொப்புதல் இல்லாவிடில் 14 நாட்களுக்குள் தெரிவிப்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி கடமை. காரே இனி ஓடாதெனில் அதையும் அவ்வாறே அறிவிக்கவேண்டும்.

பிஸ்டன், வால்வு என்னும் பெயர்கள் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவானவை. அவற்றை அறிந்தவர்க்கு அயலூர்ச் சந்தையிலும் நியாய விலை கேட்க நா எழும்.