குத்தியும் லைட் எரியலையா?

உலோகமே சேர்க்காம கோயில் குடைஞ்ச மண்டகப்பட்டுலேர்ந்து ஒரு வாள் கதை. செஞ்சி தேசிங்கு ராஜா வாளுக்கு வயரிங் கிடையாது. உங்க காலேஜ் ஃபென்சிங் டீம் ‘எப்பி’ வாளுக்கு உண்டு! அதோட நுனி ஒரு சுவிட்ச். 750 கிராமுக்கு மேல அழுத்தினா, பிளேடு பள்ளத்துல ஒட்டின ரெண்டு வயரும் சேர்ந்து லைட் எரியும். எரியலைன்னா பாயின்ட் போச்சு!

உடனே தூக்கிப் போடாதீங்க. மல்டிமீட்டரை அந்த ரெண்டு வயர் முனையில வெச்சு நுனியை அழுத்துங்க. ‘பீப்’ வரலையா? நுனியைக் கழற்றித் துடைங்க. அப்பவும் வரலைன்னா வயர் கட்! பழைய பசையைச் சுரண்டி, பிளேடை வில்லா வளைச்சு, புது வயரை ஒட்டுங்க.

எலெக்ட்ரிக் வாள் காஸ்ட்லின்னு மூங்கில் குச்சியில பழகின சென்னை பவானி தேவிதான், 2021-ல டோக்கியோவில் ஒலிம்பிக் ஆடின முதல் இந்திய ஃபென்சர். அவங்க ஆடுற ‘சேபர்’ பிளேடுல வயரே இல்லைங்கிறது வேற விஷயம்!

உங்க ஸ்போர்ட்ஸ் ரூம் மூலையில செத்துக் கிடக்கிற வாளும் யாரோ ஒருத்தருக்கு முதல் வாளாகலாம். மல்டிமீட்டரை எடுங்க!