பழவங்காடியில் திருவிழாக் காண்போர்க்கு

திருவனந்தபுரம் ரயில் நிலையத்தில் இறங்கிக் கிழக்குக் கோட்டையை நோக்கிச் சிறிது தூரம் நடந்தால், கடைத்தெருவின் இரைச்சலுக்கு நடுவே தேங்காய் உடையும் ஓசை காதில் விழும். அந்த இடமே பழவங்காடி. விக்கினங்கள் தீர வேண்டும் என்று வேண்டிக்கொள்பவர்கள் இங்குள்ள கணபதி சந்நிதியில் தேங்காய் உடைப்பது நெடுநாளைய வழக்கம். தமிழ்நாட்டிலிருந்து வரும் பிரயாணிக்கு இது புதிய காட்சி அன்று. நம் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் சிதறு தேங்காய் போடுவதை நினைத்துக்கொண்டு அவர் மேலே நடந்துவிடக்கூடும்.

ஆனால் ஒரு நிமிஷம் நின்று, “இந்தப் பிள்ளையார் யாருடையவர்?” என்று கேட்டால் வியப்பான விடை கிடைக்கும். திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் நாயர் படையினர் பத்மநாபபுரத்தில் வழிபட்டு வந்த மூர்த்தி இவர் என்றும், தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறிய காலத்தில் படையினருடன் இவரும் இங்கு வந்தார் என்றும் சொல்வர். சமஸ்தானங்கள் மறைந்தன, அந்தப் படையும் இந்தியத் தரைப்படையின் மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தது. இன்று இக்கோயிலைப் பேணி வருவது நமது தரைப்படையே. அரசர் காலத்துப் படைவீரர் ஏற்றிய விளக்கைக் குடியரசின் படைவீரர் அணையாமல் காத்து வருகின்றனர்.

திருவிழாக் காணப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் கண்களை மட்டுமே துணைக்கு அழைத்துச் செல்கின்றனர். யானை, தீவட்டி, மேளம், வாணவேடிக்கை ஆகியவற்றைக் கண்டு களித்துத் திரும்பிவிடுகின்றனர். அது தவறன்று. எனினும், எங்கிருந்து வருகிறது, எதற்காக நடக்கிறது, யாருக்கெல்லாம் இடம் தருகிறது என்ற மூன்று வினாக்களையும் உடன் கொண்டு செல்பவர்களுக்குத் திருவிழா தன் உள்ளத்தையே திறந்து காட்டும். இதைப் பழவங்காடியைச் சுற்றி நடக்கும் விழாக்களைக் கொண்டே விளக்கலாம்.

முதல் வினா, எங்கிருந்து வருகிறது என்பது. நவராத்திரி தொடங்குவதற்கு முன்னால் இந்நகரத்துக்கு மூன்று விருந்தினர் எழுந்தருளுகின்றனர். பத்மநாபபுரத்திலிருந்து தேவாரக்கட்டு சரசுவதி, வேளிமலையிலிருந்து குமாரசுவாமி, சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை ஆகியோரே அவர்கள். அந்தச் சரசுவதி கவிச்சக்கரவர்த்தி கம்பர் பூசித்த மூர்த்தி என்பது வழிவழி வந்த நம்பிக்கை. பத்மநாபபுரம் அரண்மனையில் உடைவாள் முறைப்படி கைமாறிய பின்னர் ஊர்வலம் புறப்படும். ஐம்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட அவ்வழியில் குழித்துறையிலும் நெய்யாற்றங்கரையிலும் இரவு தங்கி, மூன்றாம் நாள் திருவனந்தபுரம் வந்து சேரும். சரசுவதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்திலும், முருகன் ஆரியசாலையிலும், நங்கை செந்திட்டையிலும் அமர்வார்கள்.

இவர்கள் கடந்து வரும் பாதையில் ஒரு மாநில எல்லை இருக்கிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, கல்குளம், விளவங்கோடு, அகத்தீசுவரம், தோவாளை ஆகிய நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அந்த இணைப்பு எளிதில் வந்ததன்று. 1954ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 11ஆம் நாள் தென் திருவிதாங்கூரில் தமிழர் கிளர்ச்சியின்போது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின. மனக்கசப்பு அத்துணை இருந்தது. அப்படியிருந்தும், புறப்படும் ஊர் ஒரு மாநிலத்திலும் சேரும் ஊர் மற்றொரு மாநிலத்திலுமாகப் பிரிந்த பின்னரும், ஊர்வலம் தொடர்ந்து நடந்து வருகிறது. களியக்காவிளையில் எல்லையைத் தாண்டும்போது கேரள மக்கள் வரவேற்கின்றனர். இரு மாநிலக் காவலரும் மரியாதை செய்கின்றனர். பத்மநாபபுரம் அரண்மனையும் தமிழ்நாட்டு மண்ணிலே நின்றுகொண்டு கேரள அரசின் பராமரிப்பில் இருந்து வருகிறது. வரைபடத்திலே கோடு கிழிக்கலாம். உறவையும் அதே கோட்டால் பிரிக்க வேண்டியதில்லை என்பதை இரு மாநிலத்தாரும் ஆண்டுதோறும் செய்து காட்டுகின்றனர்.

இரண்டாம் வினா, எதற்காக நடக்கிறது என்பது. நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது மாலைகளிலும் இசை நிகழும். மகாராஜா சுவாதித் திருநாள் இதற்கென்றே ஒன்பது கீர்த்தனங்கள் இயற்றியுள்ளார். முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, மூன்றாம் நாள் சாவேரி என்று தொடங்கி, ஒன்பதாம் நாள் ஆரபியில் நிறைவுறும். எத்துணைப் பெரிய வித்துவானாயினும் அன்றைக்குரிய ராகத்தில் அன்றைக்குரிய கீர்த்தனத்தைப் பாடியே ஆகவேண்டும். ரசிகர்கள் கைதட்டும் வழக்கம் அங்கு இல்லை. சபாவுக்குப் பழகிய பிரயாணிக்கு இந்த மௌனம் முதலில் திகைப்பாக இருக்கும். பாட்டு நமக்காகப் பாடப்படவில்லை, தேவிக்கு அர்ப்பணம் செய்யப்படுகிறது, நாம் உடனிருந்து கேட்கும் பேறு பெற்றவர்கள் என்பது விளங்கியதும் திகைப்பு நீங்கிவிடும்.

பத்மநாபசுவாமி கோயிலின் இரு பெரும் உற்சவங்களையும் இவ்வாறே நோக்க வேண்டும். மலையாளத்தார் அல்பசி, பைங்குனி என்று வழங்கும் அவ்விழாக்கள் நம் ஐப்பசியும் பங்குனியுமே. ஆறாட்டு நாளன்று பெருமாள் சங்குமுகம் கடற்கரைக்கு எழுந்தருளுகிறார். அந்த வழியின் குறுக்கே இப்போது விமான நிலையத்தின் ஓடுபாதை இருக்கிறது. ஆண்டில் இருமுறை சில மணி நேரம் விமானப் போக்குவரத்தை நிறுத்தி ஊர்வலத்துக்கு வழி விடுகின்றனர். விமானத்தில் வரவேண்டிய பிரயாணி முன்கூட்டியே நேரம் விசாரித்துக்கொள்வது நலம். பழைய கடமையும் புதிய வசதியும் ஒன்றுக்கொன்று சற்றே விட்டுக்கொடுத்தால் இரண்டும் வாழும் என்பதற்கு இது கண்கண்ட சான்று.

மூன்றாம் வினாவே மிகவும் முக்கியமானது: யாருக்கெல்லாம் இடம்? விழாவைப் புகழ்ந்து பேசுகிற நாம், ஒருகாலத்தில் கோயிற் கதவுகள் பலருக்கு அடைத்திருந்ததை மறந்துவிடலாகாது. கோயிலைச் சூழ்ந்த தெருவிலே நடக்கும் உரிமைக்காகவே 1924ஆம் ஆண்டில் வைக்கத்தில் சத்தியாக்கிரகம் நடத்த வேண்டியிருந்தது. அதில் ஈரோட்டிலிருந்து சென்ற ஈ. வெ. ராமசாமி சிறை புகுந்தார். 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் மகாராஜா சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டார். பிறப்பின் காரணமாக விலக்கப்பட்டிருந்த இந்துக்கள் யாவருக்கும் அரசின் பொறுப்பிலிருந்த கோயில்கள் திறந்தன. அடுத்த ஜனவரியில் மகாத்மா காந்தி திருவிதாங்கூருக்கு யாத்திரையாகவே வந்து அக்கோயில்களில் வழிபட்டார். நவராத்திரி மண்டபத்தில் முதன்முதலாக ஒரு பெண்மணியின் பாட்டு ஒலிப்பதற்கு 2006ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாடியவர் பாறசாலை பொன்னம்மாள். பத்மநாபசுவாமி கோயிலுக்குள் இந்துக்கள் மட்டுமே செல்லலாம் என்ற விதி இன்றும் உண்டு. ஆடவர் மேற்சட்டையின்றி வேட்டி உடுத்தே உள்ளே செல்லவேண்டும். மரபு என்பது அசையாத கல் அன்று. காலந்தோறும் மனிதர்கள் முயன்று அதன் வாசலை அகலப்படுத்தி வந்திருக்கின்றனர்.

வாசலே இல்லாத விழாவைக் காண விரும்பினால், மாசி மாதத்தையொட்டி வரும் ஆற்றுக்கால் பொங்காலை நாளில் பழவங்காடிக்கு வரவேண்டும். அன்று தெருவே கோயிலாகிவிடும். செங்கல்லை அடுப்பாகக் கூட்டி, மண்பானை ஏற்றிப் பெண்கள் இலட்சக்கணக்கில் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். 2009ஆம் ஆண்டு இருபத்தைந்து இலட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் புத்தகம் பதிவு செய்தது. ஆற்றுக்கால் பகவதி நம் கண்ணகியே என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. விழா நாட்களில் அவள் வரலாற்றைத் தோற்றம் பாட்டாகப் பாடிவருவர். பாண்டியன் வீழும் பகுதி பாடி முடிந்ததும் கோயிலின் பண்டார அடுப்பில் தீ மூட்டுவர். அந்தத் தீயே ஓர் அடுப்பிலிருந்து மற்றோர் அடுப்புக்குத் தாவித் தெருத் தெருவாகப் பரவும். அண்டை அடுப்பில் இருப்பவள் எந்தச் சாதி, எந்த மதம் என்று அன்று யாரும் கேட்பதில்லை. விழா முடிந்தபின் நகரசபையார் அந்தச் செங்கற்களைச் சேகரித்து ஏழைகளின் வீடு கட்டக் கொடுத்து வருகின்றனர். மதுரையை எரித்த நெருப்பு, இங்கே சோறு பொங்கி வீடும் கட்டுகிறது.

ஓணத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1961ஆம் ஆண்டில் கேரள அரசு அதைத் தன் தேசியத் திருவிழாவாக அறிவித்தது. எல்லாரும் சமமாக வாழ்ந்த மாவேலி ஆட்சியின் நினைவை, சமயம் பாராமல் ஒரு நாட்டு மக்கள் யாவரும் தம் வீட்டு விழாவாகக் கொண்டாடுகின்றனர். ஓண வாரத்தின் நிறைவு ஊர்வலம் அலங்கார வண்டிகளும் நாட்டுக்கலைகளுமாகக் கிழக்குக் கோட்டை வழியே வரும்போது, பழவங்காடியில் நிற்க இடம் கிடைப்பதே அரிது.

பிரயாணிகள் மனத்தில் கொள்ள வேண்டியவை சில உண்டு. விழாவுக்கு முதல் நாளே வந்து, பந்தல் கட்டுவோரையும் அடுப்புக் கூட்டுவோரையும் பாருங்கள். வழிபடுவோர் முகத்துக்கு நேரே புகைப்படக் கருவியை நீட்டுமுன் அனுமதி கேளுங்கள். ஊர்வலத்தின் குறுக்கே புகாதீர்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் அந்த மூன்று வினாக்களையும் தொடுத்துப் பொறுமையாக விடையைக் கேளுங்கள்.

இப்படிக் கேட்டறிந்தவர் ரயிலடிக்குத் திரும்பும்போது மீண்டும் பழவங்காடியைக் கடப்பார். அதே தேங்காய் உடையும் ஓசை கேட்கும். வந்தபோது ஏதோ ஓர் ஊர் வழக்கமாகத் தோன்றிய அது, இப்போது பத்மநாபபுரத்துப் படைவீரரையும், எல்லை கடந்து வரும் முன்னுதித்த நங்கையையும், தெருவில் பொங்கலிடும் தாய்மாரையும் நினைவூட்டும். தாமும் ஒரு தேங்காய் வாங்கி உடைத்துவிட்டு அவர் ஊர் திரும்பலாம்.